முப்பத்தேழு அங்குல டயருக்கு எந்த கிரவுன் பினியன்?

டென்வர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் மின்னஞ்சல் வந்தது. கவிதாவுக்கு ஆஸ்டினில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். விடுதியில் சேர்க்கிறாயா, வெளியே வீடு பார்க்கிறாயா? அதை எழுதவே இல்லை. மகளைப் பற்றி நாலு வரி, உன் ஜீப் கிளாடியேட்டர் பிக்கப்பைப் பற்றி நாலு பக்கம். நீ மாறவே இல்லை.

இங்கே அம்மா வந்து இரண்டு மாதமாகிறது. குளிரைத் திட்டிக்கொண்டே தினமும் நடக்கப் போகிறார். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை அடிக்கடி கேட்கிறார்.

சரி, வண்டிக்கு வருவோம். மூன்றரை அங்குலம் தூக்கி, 37 அங்குல டயர் மாட்டியாகிவிட்டது. இப்போது எட்டாவது கியர் விழுவதே இல்லை, எதிர்காற்று அடித்தால் ஆறுக்கும் ஏழுக்கும் மாறிமாறித் தாவுகிறது, கெர்வில் பக்கத்து மேடுகளில் பின்னால் கட்டும் கேம்பரை (தங்கும் வண்டியை) இழுக்கத் திணறுகிறது, எந்தக் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) போடலாம் என்கிறாய். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. உன்னுடையது ஸ்போர்ட் மாடல், 3.73 ஆக்சில், அதாவது பினியன் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சினும் வேகமாகச் சுழலும். கம்பெனி கொடுத்த டயர் 31.5 அங்குலம். அதே ஆக்சிலில் 37 மாட்டியதும் உன் 3.73 நடைமுறையில் 3.18 ஆகிவிட்டது. தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயரம் கூடினால் காற்று கொஞ்சம் அதிகமாக எதிர்க்கும், டிரைவ்ஷாஃப்ட் கோணம் மாறும், அவ்வளவுதான். இழுவையைத் தின்றது டயர்.

நீ கணக்குப் போட்டது சரி. 3.73ஐ 37ஆல் பெருக்கி 31.5ஆல் வகுத்தால் 4.38. அதற்கு மேலே கடையில் கிடைப்பது 4.56. அதனால் 4.56 போதும் என்று முடிவு கட்டிவிட்டாய். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கணக்கு விட்டத்தை மட்டும்தான் சரிக்கட்டுகிறது. 37 அங்குல மட் டெரெய்ன் (சேற்றுக்கான) டயர் ஒன்று 70 பவுண்டைத் தாண்டும். அந்த எடை வெளி விளிம்பில் சுழல்கிறது, ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் எஞ்சின் அதைப் புதிதாகச் சுழற்றியாக வேண்டும். இதற்குக் கணக்கில் இடமே இல்லை. இன்னொன்று, 3.73 என்பது டயர் சின்னதாக இருக்கும், பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று நினைத்துக் கம்பெனி வைத்தது. அதே கிளாடியேட்டரின் ரூபிகானில் 33 அங்குல டயருக்கு 4.10 வைத்தார்கள். ராங்லர் எக்ஸ்ட்ரீம் ரீகானில் 35 அங்குல டயரைத் தாங்களே மாட்டி விற்றபோது 4.56க்குப் போனார்கள். பெட்ரோல் கணக்கை அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய கம்பெனியே 35க்கு 4.56 வைக்கிறதென்றால், 37க்கு அதே விகிதத்தில் 4.82 வருகிறது. ஆகவே 4.56ஐ மறந்துவிடு. உன் கேள்வி 4.88ஆ, 5.13ஆ என்பதுதான்.

பெரிய எண் என்றாலே நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும், பெட்ரோல் போகும் என்று பத்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். (பத்மாவா, நீயா?) எண்ணைப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். மணிக்கு எத்தனை மைலோ அதை ஆக்சில் விகிதத்தாலும், ஓடும் கியரின் விகிதத்தாலும், 336ஆலும் பெருக்கி, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது வரும். உன் எட்டாவது கியர் 0.67. ஐ-10 நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில் 4.88 போட்டால் சுமார் 2230, 5.13 போட்டால் 2340. வித்தியாசம் நூற்றிச் சொச்சம்தான். இப்போது எட்டாவது விழுந்தால் 1700தான் வரும், அதில் அந்த வண்டியை இழுக்க எஞ்சினுக்கு முடியாது. அதனால்தான் கியர் பெட்டி உன்னை ஏழிலும் ஆறிலும் வைத்திருக்கிறது, அதாவது 2130க்கும் 2540க்கும் நடுவில். 5.13 போட்டு எட்டிலேயே 2340இல் போவதால் புதிதாக என்ன நஷ்டம்? உன் பென்டாஸ்டார் பெட்ரோல் எஞ்சினுக்கு முழு முறுக்குவிசை 4400இல்தான் வருகிறது. அது சுழலச் சுழலத்தான் இழுக்கும், டீசல் மாதிரி அடியிலிருந்து இழுக்காது.

என் பழைய 2010 ராங்லர் ஜேகேவில் இந்த வசதி கிடையாது. நாலே கியர். நாலாவது 0.69, மூன்றாவது 1.00. ஒரு கியர் இறங்கினால் எஞ்சின் சுழற்சி ஒரேயடியாக நாற்பத்தைந்து சதவீதம் ஏறிவிடும். அதில் ஆக்சில் விகிதம் கொஞ்சம் தப்பினாலும் தினமும் தெரியும். உன்னுடையதில் எட்டு கியர், ஏழுக்கும் எட்டுக்கும் இடைவெளி கால்பங்குதான். அதனால் ஒரு படி அதிகமாகப் போனாலும் பெட்டி சமாளித்துக்கொள்ளும். ஒரு படி குறைவாகப் போனால் இப்போது படும் பாடுதான்.

ஹூஸ்டனை விட்டு நகராத ஆள், கேம்பரும் இல்லை என்றால் 4.88 என்று சொல்லி முடித்திருப்பேன். நீ ஜூலையில் இங்கே கொலராடோ மலைக்கே வருகிறாயே. காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் பலம் இழக்கும். கடல் மட்டத்தில் 285 குதிரைத்திறன் தரும் உன் எஞ்சினில், ஐ-70இல் 11,000 அடியில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அங்கே சாலையே ஏழு சதவீத ஏற்றம். இமோஜீன் கணவாய் அதைவிட உயரம், 13,114 அடி. பாறைமேல் ஊர்ந்து போகவும் 5.13 உதவும். இப்போது உன் லோ ரேஞ்சில் (மெதுவாக ஊர்வதற்கான கூடுதல் கியர்) முதல் கியருக்கு மொத்த விகிதம் 48 வருகிறது, 5.13 போட்டால் 65ஐத் தாண்டும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டாம். என் ஓட்டு 5.13க்கு.

பினியன் சின்னதாகி உடைந்துவிடாதா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. உன் வண்டியில் இருக்கும் டானா 44 ஆக்சிலில் பெரும்பாலும் கிரவுன் வீலுக்கு 41 பல். பினியனுக்கு 11 பல் என்றால் 3.73, பத்து என்றால் 4.10, ஒன்பது என்றால் 4.56, எட்டு என்றால் 5.13. 4.88க்குக் கிரவுன் 39, பினியன் அதே எட்டு. ஆக உன் இரண்டு தேர்விலும் பினியன் பற்கள் எட்டுதான், அதற்காக 4.88க்கு இறங்குவதில் பெரிய அர்த்தமில்லை. பாறையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவன்தான் பினியனை உடைப்பான். நீ அப்படிப்பட்டவன் இல்லை.

பணத்தைவிட ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு. முன், பின் இரண்டு ஆக்சிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும், பாகமும் கூலியும் சேர்ந்து இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். இங்கே ஒரு கடையில் எனக்கு மாற்றிக்கொடுத்தார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். பினியன் ஆழம் சரியில்லை. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதனால் நீ கேட்க வேண்டியது இதுதான்: பற்களில் மஞ்சள் பசை தடவி எடுத்த தடத்தைப் படம் பிடித்துக் கொடுப்பாயா, பேக்லாஷ் (பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) எவ்வளவு வைத்தாய் என்று எழுதித் தருவாயா? முகம் சுளிக்கிற கடைக்கு வண்டியை விடாதே.

அப்புறம், ஸ்பீடோமீட்டர். அதை யாராவது திருத்தினார்களா? திருத்தவில்லை என்றால், அது 60 காட்டும்போது நீ 70இல் போய்க்கொண்டிருக்கிறாய். ஆக்சில் மாற்றியதும் புரோகிராமர் செருகி டயர் அளவு, ஆக்சில் விகிதம் இரண்டையும் ஏற்ற வேண்டும். அதை வைத்துத்தான் பெட்டி கியர் மாற்றுகிறது. பக்கச்சுவரில் 37 என்று அச்சடித்திருப்பதை அப்படியே போடாதே. டேப் வைத்து அளந்து பார், கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வை: கியர் இழுக்கவும் மெல்ல இறங்கவும்தான் உதவும், வேகமாகப் போகும் வண்டியை நிறுத்த உதவாது. இந்த டயருக்கு பிரேக்கையும் ஒருமுறை காட்டு.

ஜூலைப் பயணத்துக்கு முன்னால் செய்துவிடு, கடைசி வாரத்துக்கு வைக்காதே. புது கிரவுன் பினியன் பழகும்வரை, முதல் 500 மைலுக்கு, கேம்பரைக் கட்டக் கூடாது. முதலில் கால் மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டு. 500 மைல் ஆனதும் ஆயிலை மாற்று. ஜூன் நடுவில் வண்டி கையில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். எந்தத் தேதியில் கிளம்புகிறாய் என்று எழுது, நானும் விடுப்பு சொல்ல வேண்டும்.

உன்,
ரகு