டிக்கட்டில் உள்ள நேரம் யாருடைய நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பகுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வளைகுடா விமான நிலையங்களுக்கான தூரமும் பறக்கும் நேரமும் அட்டவணையாக வந்திருந்தது. குவைத்துக்குச் சுமார் 4,100 கிலோமீற்றர், டோஹாவுக்கு 3,600, துபாய்க்கு 3,300. கணக்கு சரிதான். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது மட்டும் போதாது.

பொகவந்தலாவையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். போனில் வந்த டிக்கட்டை அச்செடுக்க வருகிறவர்கள், "அண்ணே, பிள்ளை எத்தனை மணிக்குப் போய்ச் சேருவா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். டிக்கட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் குவைத் நேரம். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். மாலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 9க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஐந்தரை. இரவு ஒன்பதரைக்கும் போன் வரவில்லையே என்று பதறுகிற தாய்க்கு, மகள் இன்னும் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறாள் என்று யார் சொல்வது?

குவைத்திலிருந்து திரும்பி வரும்போது அங்கத்தைய நேரம் 17.10க்குக் கிளம்பி நம் நேரம் 00.40க்கு, அதாவது நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடத்தில், இறங்கும். பார்த்தால் ஏழரை மணி நேரம், பறப்பது ஐந்துதான். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதால், குளிர் மாதங்களில் முக்கியமாக, வருகிற பயணம் கொஞ்சம் குறையும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 00.40. போன வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி குவைத்திலிருந்து வந்தாள். டிக்கட்டில் 14ஆம் திகதி 00.40. அப்பா 14ஆம் திகதி இரவுக்கு வேன் பேசி வைத்திருந்தார். அவளோ 13ஆம் திகதி நள்ளிரவு தாண்டியதுமே வந்து இறங்கிவிட்டாள். கையில் இலங்கை சிம் இல்லை. யாரிடமோ போன் வாங்கிப் பேசினால் தோட்டத்து லயன் வீட்டில் இரவில் சிக்னல் இல்லை. விடிந்த பிறகுதான் தகவல் கிடைத்தது. ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று மழையில் வேன் இறங்கிப் போய்ச் சேரப் பின்நேரமாகிவிட்டது. இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிந்திருந்தவள், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டிக்கட் எடுத்துக் கொடுத்த முகவர் ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் போதும்.

அதனால் அடுத்த முறை அட்டவணை போடும்போது இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். நள்ளிரவு விமானங்களுக்கு "13 இரவு, விடிந்தால் 14" என்று எழுதுங்கள். ஹட்டனிலிருந்து விமான நிலையத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கொப்பிக் கடைக்காரர்,
பொகவந்தலாவை.