லீவுக்கு வருகிற தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

மொறட்டுவைக் கம்பஸிலிருந்து லீவுக்கு வருகிறாய் என்று உன் அம்மா சொன்னா. வந்தபிறகு கேட்டால் நீ சொந்தக்காரர் வீடு, கோயில் என்று ஓடிவிடுவாய், அதனால் இப்பவே எழுதுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தா. எனக்கில்லை, உயர்தரம் படிக்கிற மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு.

பல்கலைக்கழக அனுமதியில் நமக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறதே, பிறகென்ன என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் திருகோணமலை உட்பட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. சரி, நல்ல ஏற்பாடுதான், அது இல்லாவிட்டால் நம்மில் பலர் கம்பஸ் வாசலையே கண்டிருக்கமாட்டோம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் பத்து நிமிடத்தில் இணைந்த கணித வகுப்புக்குப் போகிற நகரத்துப் பிள்ளையும், வெருகல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து இருட்டினபிறகு வீடு போய்ச் சேருகிற பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரே மாவட்டம், இடம் கிடைக்க எடுக்கவேண்டிய இசட் வெட்டுப்புள்ளியும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தை எந்தச் சுற்றறிக்கை தீர்க்கப் போகிறது? நீயும் நானும் போய்ப் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு.

போன வருடம் ஒரு தம்பி. கொப்பி நிறைய வீட்டுப் படங்களாக வரைந்து வைத்திருப்பான், கட்டடக்கலை படிக்க அவ்வளவு ஆசை. உங்கட கம்பஸில் அதற்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக எழுதவேண்டும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டும் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அனுமதிக் கைநூலை நான் ஒழுங்காகப் படித்தது திகதி முடிந்தபிறகுதான். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தான். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் பாடம் நடத்த நீ வரவேண்டாம், அதற்கு சேர்மார் இருக்கிறார்கள். கற்கைநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது, மகாபொல புலமைப்பரிசிலுக்கு எப்படி விண்ணப்பிப்பது, அப்புறம் முதல் நாளே விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் ஓடும்போது நீ என்ன செய்தாய், இதையெல்லாம் உன் வாயால் கேட்கட்டும்.

இன்னொரு விசயம். இந்த முறை ஒரு பிள்ளை இருக்கிறாள், எறியம் கணக்கில் பிழை வந்தால் நான் கிட்டப் போகமுதலே உள்ளங்கையால் மூடிக்கொண்டு தாள் கிழியும்வரை அழிறப்பரால் தேய்ப்பாள். நம்மட ஊரில் யாராவது இஞ்சினியரிங் போயிருக்கிறார்களா அண்ணா என்று கேட்டாள். உன்னைச் சொன்னேன். "அந்த அக்கா முதல் ஷையா, இரண்டாவது ஷையா?" இரண்டாவது, உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதித்தான் போனா என்றேன். அவ்வளவுதான், அழிறப்பரைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி, வாசிகசாலை மண்டபம். உன்னுடைய அந்த நீலக் கணிதக் கொப்பியையும் மறக்காமல் எடுத்து வா. பிழையாகச் செய்து வெட்டின பக்கங்களைக் கிழித்துவிடாதே, அவளுக்கு அவைதான் வேணும்.

அன்புடன்,
அண்ணா