மரத்தை இறுக்கும் கம்பியை அறுத்துவிடுங்கள்

தமிழ்நாட்டின் நகராட்சி, மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். விளம்பரத் தட்டிக்கும் கேபிள் வயருக்கும் சாலையோர வேம்பிலும் புங்கையிலும் சுற்றிய கம்பிகளை யாரும் திரும்ப அவிழ்ப்பதில்லை. மரம் பருக்கப் பருக்க அவை பட்டைக்குள் இறங்கிவிடுகின்றன. கேட்டால், "மரம் பச்சையாத்தானே இருக்கு" என்கிறார்கள். அந்தப் பச்சையை நம்பாதீர்கள்.

வேர் உறிஞ்சும் நீர் கட்டைக்குள் இருக்கும் சைலம் குழாய்கள் வழியே மேலே போகிறது. அவை உயிரற்ற செல்கள். இலையில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவையே அதை உச்சிவரை ஏற்றுகிறது. இலை தயாரித்த சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை வேறு. அது பட்டையின் உட்புறத்தில் மெல்லிய அடுக்காக இருக்கும் புளோயம், உயிருள்ள திசு. இலைப்பக்கம் சர்க்கரை சேர்ந்ததும் அங்கே நீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம்தான் சாற்றை வேர்வரை தள்ளுகிறது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முன்ஷ் 1930இல் தந்த விளக்கம் இது.

கம்பி முதலில் நெரிப்பது இந்தப் புளோயத்தைத்தான். நீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலை வாடாது. கீழே வேர், சேமித்து வைத்த மாவுச்சத்தைத் தின்று நாளைக் கடத்துகிறது. அது தீர்ந்ததும் வேர் சாகிறது, அப்புறம்தான் இலை காய்கிறது. இதற்குள் வருடங்கள் ஓடிவிடுவதால் கம்பியின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. புயலில் மரம் சாய்ந்தால் பழி காற்றுக்குப் போகிறது.

17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேலே மரம் வீங்கியது. உங்கள் சாலைகளில் கம்பிக்கு மேலே புடைத்து நிற்பதும் இறங்க வழியில்லாத அதே உணவால்தான். (தென்னை, பனையின் கதை வேறு. அவற்றில் இந்தக் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.)

மரத்தடியில் குப்பையைக் கொளுத்துவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. சூட்டில் முதலில் வேகுவது பட்டைக்கு அடியில் உள்ள உயிர்த்திசு. அதைக் கண்டிப்பாகத் தடுங்கள்.

கம்பிகளை இந்தப் பருவமழைக்கு முன் அறுக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியும் பகுதியை வெட்டினால் போதும். பட்டைக்குள் புதைந்ததைப் பிடித்து இழுத்தால் மிச்சமிருக்கும் புளோயமும் கிழியும். புதுக் கன்றுகளுக்குக் கயிறு கட்டினால் தளர்வாகக் கட்டி, அதை அவிழ்க்கும் தேதியையும் பணிப்பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
தினமும் அந்த நிழலில் நடப்பவன்