பஸ் எண்ணிக்கையைக் கேட்டு எழுதிய மகளுக்கு

கும்பகோணம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். புனேயில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரு பஸ் கம்பெனி முப்பது நாற்பது வருஷத்தில் எப்படி வளர்கிறது என்று உன் அலுவலகத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார்கள், நம்ம ஊர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் எந்த வருஷம் எத்தனை பஸ் என்று பட்டியல் அனுப்புங்கள் அப்பா என்கிறாய். அந்தப் பட்டியலை வைத்து எழுதினால் அறிக்கை தப்பாகிவிடும் அம்மா. நாளைக் காலை முதல் நடைக்கு நேரத்தில் கிளம்பும் வண்டி எத்தனை, அதைக் கிளப்ப எத்தனை ஆள், மாற்றுக்கு நிற்கும் ஸ்பேர் வண்டி எத்தனை, பணிமனை எவ்வளவு தூரத்தில் என்று பார். வளர்ச்சி தெரிவது அங்கேதான்.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம்ம கழகமே உதாரணம். 1972 ஜனவரியில் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதே வருஷம் மார்ச் 1ஆம் தேதி கோவையில் சேரனும் கும்பகோணத்தில் சோழனும் தொடங்கின. ராமன் அண்ட் ராமன் போன்ற தனியார் கம்பெனிகளின் வண்டி, ஆள், கொட்டகை எல்லாம் சோழனுக்குள் வந்தன. 1980களில் திருச்சிப் பக்கத்தைப் பிரித்துத் தீரன் சின்னமலைக் கழகம் ஆக்கியபோது சோழனின் எண்ணிக்கை இறங்கியது. 1997இல் மன்னர், தலைவர் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தார்கள். பிறகு திருச்சி, கரூர், புதுக்கோட்டை, காரைக்குடி எல்லாம் கும்பகோணத்தோடு சேர்ந்து, இன்றைக்கு மூவாயிரத்துக்கும் மேல் வண்டி. பிரித்தபோது ஒரு கிராமத்துக்கும் பஸ் நிற்கவில்லை, சேர்த்தபோது ஒரு கிராமத்துக்கும் புதிதாக வரவில்லை. வரைபடத்தில் போட்டால் பெரிய பள்ளமும் பெரிய மேடுமாகத் தெரியும். உன் மேலதிகாரி அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

தனியார் காலத்தை இரண்டு பத்தியில் முடித்துக்கொள். அப்போது வளர்ச்சி என்றால் பெர்மிட். ஒரு தடத்துக்குப் பெர்மிட் கிடைத்தால் ஒரு வண்டி, அடுத்ததுக்கு இன்னொன்று. முதலாளிக்கு ஒவ்வொரு வண்டியின் சத்தமும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி பஸ் ஓட்டினார்கள். வண்டியின் பின்னால் ஓர் உலை, அதில் மரக்கரி. போதாத காற்றில் எரியவிட்டால் வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விடுவது. கிளம்புமுன் கைப்பிடியைச் சுற்றி உலையை ஊதிச் சூடேற்ற வேண்டும். வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் தாரும் சாம்பலும் எஞ்சினுக்குள் போய் வால்வு ஒட்டிக்கொள்ளும். சக்தியும் குறைவு, பாலத்து ஏற்றத்தில் திணறும்.

பாலம் என்றதும் நம்ம டெல்டாவின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு எல்லாம் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. ஆற்றங்கரையோடு போகிற சாலை பழையது, சுலபமானது. வடக்கு தெற்காக ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றுக்கு ஆறு பாலம் வேண்டும், வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு வேண்டும். அடுத்த கரையில் கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் பஸ் பாலத்தைத் தேடி ஊரைச் சுற்றிப் போகும். அரசுக் கழகம் கிராமங்களுக்குள் போன வேகம், பாலம் கட்டிய வேகம்தான். தடம் நீட்டிய ஆண்டுகளையும் பாலம் திறந்த ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இனி முக்கியமான இடம். இதை நிதானமாகப் படி.

ஊர் ஒன்று, டவுனிலிருந்து 30 கி.மீ. கிராமத்துச் சாலையில் நிறுத்தம் நிறுத்தமாக நின்று போனால் ஒரு நடைக்கு, அதாவது ஒரு பக்கம் போக, 75 நிமிஷம், முனையில் 10 நிமிஷம் நிற்க வேண்டும், ஆக 85. ஒரு நாளைக்கு 10 நடை, 300 கி.மீ. டிரைவரும் கண்டக்டருமாக ஒரு செட் ஆளுக்கு 5 நடை என்று பிரித்தால் 425 நிமிஷம், அரை மணி சாப்பாட்டு நேரம், ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 சொன்ன 8 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. காகிதத்தில் சரி. ஆனால் 5 என்பது ஒற்றைப்படை. டவுனில் கிளம்பிய டிரைவரும் கண்டக்டரும் ஐந்தாவது நடை முடிந்ததும் கிராமத்தில் நிற்பார்கள், அடுத்த செட் டவுனில் நிற்கும். ஆறு நடை கொடுத்தால் எட்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. நாலு கொடுத்தால் ஆள் வீண்.

இதற்கு அந்தக் காலத்துக்காரர்கள் கண்ட வழிதான் ஹால்ட் பஸ். வண்டி இரவு கிராமத்திலேயே தங்கும். காலை 5.30க்கு அங்கிருந்து கிளம்பினால், சாப்பாட்டு அரை மணியும் சேர்த்து, ஐந்தாவது நடை 12.55க்கு டவுனில் முடியும். 1.05க்கு அடுத்த செட் ஏறும். அவர்களுடைய ஐந்தாவது நடை இரவு 8.30க்குக் கிராமத்தில் முடியும். அங்கேயே படுத்து, மறுநாள் 5.30க்கு அவர்களே எடுப்பார்கள். 8.30க்கும் 5.30க்கும் நடுவே சரியாக 9 மணி நேரம். இரண்டு பணிக்கு நடுவே அந்தச் சட்டம் கேட்ட ஓய்வும் அதுவே. காலி ஓட்டமும் மிச்சம்: வண்டி டவுனில் தங்கினால் விடிகாலை 30 கி.மீ. காலியாகப் போய், இரவு 30 கி.மீ. காலியாகத் திரும்ப வேண்டும். லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் தினம் 12 லிட்டர் டீசல்.

விடிகாலையில் பூக்காரம்மாவும் காய்கறிக் கூடையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ஏறுகிற அந்த 5.30 வண்டியை ஊர்க்காரர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைப்பார்கள். அது கணக்கிலேயே லாபமான வண்டி. உன் அறிக்கையில் இதை விட்டுவிடாதே.

ஹால்ட் வண்டியில் கெடுகிற விஷயங்கள் வேறு. இரவில் மெக்கானிக் கிடையாது. பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் லைனில் சிறு கசிவு இருந்தால் விடிவதற்குள் காற்று டேங்க் இறங்கிவிடும். எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏறும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. பேட்டரி செத்தால் ஊர்க்காரர்களைத் தள்ளச் சொல்ல வேண்டும். கண்டக்டர் கையில் அன்றைய கலெக்ஷன் இருக்கும், அதற்குப் பூட்டு வேண்டும். படுக்க இடம் இல்லாமல் பஸ் சீட்டிலேயே கொசுக்கடியில் படுத்தவர், அடுத்த நாள் நெல் காய்கிற ஒற்றைச் சாலையில் 150 கி.மீ. ஓட்ட வேண்டும். ஹால்ட் பஸ்ஸைக் கூட்டிய அளவுக்குத் தங்கும் அறைகளைக் கூட்டவில்லை என்பது என் பெரிய வருத்தம். பணிமனையிலேயே அப்படித்தான். 2017 அக்டோபர் 20ஆம் தேதி விடிகாலையில் பொறையாறு பணிமனையில் பழைய ஓய்வறைக் கட்டடம் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 8 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். வண்டி புதிதாக வருகிறது, தடம் புதிதாக வருகிறது, மேலே இருக்கும் கூரை மட்டும் பழையது என்றால் அந்தக் கம்பெனி வளர்ந்தது என்று எழுதாதே. கட்டடத்தின் வயதுக்கு ஒரு பத்தி வை.

அடுத்தது கிளைப் பணிமனை. எல்லா வண்டியும் தலைமை இடத்துக்கே வந்து டீசல் போட்டு, கழுவி, வேலை பார்த்துப் போக முடியாது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று கிளைகள் இருப்பதால்தான் இந்தத் தடங்கள் ஓடுகின்றன. ஒரு கிளைக்கு டீசல் பங்க், வண்டியின் அடியில் நின்று வேலை பார்க்கக் குழி, டயர் செக்‌ஷன், ஸ்டோர், கேஷ் கவுன்டர், ஆளுக்கு ஓய்வறை எல்லாம் வேண்டும். ஸ்பேர் வண்டியும் வேண்டும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, ஒரு வண்டி போனால் பாடி தட்டி, பெயின்ட் அடித்து, காட்டித் திரும்ப நாள் கணக்காகும். ஸ்பேர் இல்லாத கிளையில் அந்த நாட்களில் ஒரு கிராமத்துக்கு நடை நிற்கும். அதிகம் சண்டை போடாத ஊர் எதுவோ அந்த ஊர் நடைதான் நிற்கும். ஆளும் அப்படியே: ஒரு வண்டிக்கு இரண்டு செட் என்று மட்டும் கணக்குப் போட்டால் வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் யார் ஓட்டுவது? நிறுத்தப்பட்ட நடைகளின் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. வண்டி இல்லாமல் நின்றது எத்தனை, ஆள் இல்லாமல் நின்றது எத்தனை என்று பிரித்துப் பார்த்தால் எது வளரவில்லை என்று தெரிந்துவிடும்.

பராமரிப்பில் நம்ம மண்ணுக்கென்று சில தொல்லைகள். களிமண் சாலையோரம் ஐப்பசி கார்த்திகையில் ஊறிப்போயிருக்கும். எதிர் வண்டிக்கு ஒதுங்கினால் இடது சக்கரம் இறங்கிக்கொள்ளும், தலைப்பாரம் கூடிய வண்டி வாய்க்கால் பக்கம் சாயும். வெள்ளத்தில் ஓடிய வண்டியின் சக்கர ஹப்பில் தண்ணீர் இறங்கி கிரீஸ் வெளுத்துப் போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் பேரிங் போகும். பள்ளத்தில் பள்ளிக்கூட நேரத்துக் கூட்டத்தோடு இறங்கினால் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை உடையும், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு போல்ட் தளர்ந்திருந்தால் சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகரும். கடலோரத்தில், வேதாரண்யம் உப்புக் காற்றில், பாடித் தூண்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியில் பெயின்ட் பளபளக்கும். தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். தினமும் ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவது இரண்டு நிமிஷ வேலை. விட்டுவிட்டால் பிரேக் வால்வு கெடும். டயரில் புதியது முன்னால், மேல்ரப்பர் புதுப்பித்த ரீட்ரெட் பின்னால். ஜோடி டயருக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிகள் இன்னொரு தாவல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது அவ்வப்போது நல்ல சூட்டில் எரிந்து சுத்தமாக வேண்டும். திருச்சி சாலையில் நிற்காமல் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு முறை நிற்கும் டவுன் பஸ்ஸுக்குக் கிடைக்காது, கரி அடைத்து வண்டி இழுக்காது. தடத்துக்கேற்ற வண்டி என்பது இப்போது எஞ்சின் விஷயமாகவும் ஆகிவிட்டது. காதால் கேட்டுக் கோளாறு சொன்ன கைகளுக்கு ஸ்கேனரைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் வளர்ச்சிச் செலவில் சேர வேண்டும்.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 நவம்பரில் ஏற்றினார்கள், அடுத்து 2018 ஜனவரியில்தான். ஊருக்கு ஊர் போகும் சாதாரண மொபசல் வண்டிக்கு அப்போது கி.மீ.க்கு 58 பைசா என்று நின்றது. 52 சீட்டும் நிறைந்தால் கி.மீ.க்கு சுமார் 30 ரூபாய். பாதி நிறைந்தால் 15. டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு ஐந்தரை கி.மீ. என்று வைத்தால் டீசலுக்கே 16 ரூபாய் 70 பைசா. பாதி வண்டியில் டீசல் காசுகூட வராது, சம்பளம் எங்கிருந்து வரும்? கிராமத் தடங்கள் அரசு கொடுக்கும் பணத்தில்தான் ஓடுகின்றன. அதில் தப்பில்லை, சாலையைப் போல, மதகைப் போல அதுவும் ஒரு தேவை. ஆனால் அந்தப் பணம் தாமதமாக வந்தால் முதலில் நிற்பது உதிரிபாகம் வாங்குவதுதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார், விலை இல்லாத டிக்கெட். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் எந்த ஸ்டேஜில் ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பதற்கான சான்று அந்தச் சீட்டுதான். அதைக் கேட்டு வாங்கு. குறுவை, சம்பா நடவு மாதங்களைத் தனியாகப் பிரித்துப் பார்.

பெரிய வண்டி போகாத ஊர்களுக்கு மினி பஸ். 1997 திட்டத்தில் 20 கி.மீ. தடத்தில் 16 கி.மீ. பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும், 4 கி.மீ. மட்டும் பஸ் ஓடுகிற பாதை. பலர் ஓட்டாமல் விட்டதற்குக் காரணம் அந்த 4 கி.மீ.தான். பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் நடுவிலேயே இறக்கிவிட்டால் யார் ஏறுவார்கள்? 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய திட்டத்தில் தூரம் 25 கி.மீ. ஆகியிருக்கிறது, பஸ் ஓடுகிற பாதையின் பங்கையும் கூட்டியிருக்கிறார்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களின் கிலோமீட்டரைச் சராசரியில் சேர்க்காதே. போகும்போது நிறைந்து, திரும்பும்போது காலியாக வரும் வண்டிகள் அவை. மற்ற கிளைகளிலிருந்து எடுத்ததால் அங்கே நடை குறைந்திருக்கும்.

உன் அறிக்கையில் அந்த 75 நிமிஷத்தைப் போல ஓட்ட நேரம் வருகிற இடமெல்லாம் எனக்கு ஒருமுறை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அளந்த நேரமா, பள்ளிக்கூட நாள் காலை எட்டரை மணிக்கு அளந்த நேரமா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியனுப்பு. தீபாவளிக்கு வரும்போது ஒருநாள் விடிகாலை ஹால்ட் வண்டியில் போய்வர அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா