கட்சிக் கட்டத்தைக் காலியாக விடலாமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் நெருங்கும்போது தமிழ் இதழ்களில் வேட்பாளர்களைப் பற்றி நிறைய வருகிறது. புதிதாகக் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கோ வாக்காளர் பதிவிலேயே குழப்பம். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘கடைசி நாள்’ செய்திகள் அதை இன்னும் கூட்டுகின்றன. நாடு முழுவதற்கும் ஒரே கடைசி நாள் என்பது அமெரிக்காவில் கிடையாது. டெக்சஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பு, நியூ ஜெர்சியில் 21, பென்சில்வேனியாவில் 15. வடக்கு டகோட்டாவில் பதிவே இல்லை!

‘வோட் டாட் கவ்’ என்ற அரசுத் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் பக்கத்துக்கே வழிகாட்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பில் சோஷியல் செக்யூரிட்டி (அரசு தரும் அடையாள) எண்ணைத் தரவே கூடாது.

பலர் கோட்டை விடுவது, கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ‘பிரைமரி’ தேர்தலில்தான். நியூயார்க்கில் பதிவுப் படிவத்தில் ‘எந்தக் கட்சி?’ என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டவருக்குப் பிரைமரியில் வாக்கு இல்லை. பிறகு கட்சி சேர நினைத்தால், ஜூன் பிரைமரிக்கு பிப்ரவரி 14க்குள் மாற்றியிருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் கட்சி சாராதவர் வாக்களிக்கும் அன்றே ஒரு கட்சியைச் சொல்லலாம். ஒரு கட்சியில் பதிந்தவர் மறுகட்சிக்கு மாற 55 நாள் முன்பே எழுதித் தர வேண்டும். டெக்சஸ் படிவத்தில் கட்சிக் கட்டமே இல்லை. ஆனால் மார்ச் பிரைமரியில் ஒரு கட்சிக்கு வாக்களித்தவர், அடுத்து வரும் ரன்-ஆஃப் (இரண்டாம் சுற்று) தேர்தலில் மறுகட்சிப் பக்கம் போக முடியாது. கலிபோர்னியாவில் ‘அமெரிக்கன் இண்டிபென்டென்ட்’ என்பது ஒரு கட்சியின் பெயர். எக்கட்சியும் சாராதவர் என்று பொருள் கொண்டு அதை டிக் செய்தவர்கள் ஏராளம்.

டெக்சஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாகப் பதிபவர் படிவத்தை இணையத்தில் நிரப்பினாலும், அச்சிட்டு, கையெழுத்திட்டு, கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் பட்டியலில் பெயர் ஏறாது.

நம் பெயர்களும் இடறும். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். பதிவின்போது டிரைவிங் லைசென்ஸ் எண்ணையோ, சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி 4 இலக்கங்களையோ வைத்துச் சரிபார்ப்பார்கள். எந்த எண்ணைத் தருகிறோமோ அந்த ஆவணத்தில் உள்ளபடியே பெயரை எழுதுவது நல்லது. சில வாரம் கழித்து மாநிலத் தளத்தில் பதிவு நிலையையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னும் குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டு, எச்-1பி வேலை விசா வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் அலுவலகத்தில் கவனமாக இருக்கட்டும். ‘வாக்காளராகப் பதிய விருப்பமா?’ என்ற கேள்விக்கு அவசரத்தில் ‘ஆம்’ என்றால், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்ன குற்றமாகி, நாடு கடத்தல் வரை போகலாம்.

வயதான பெற்றோர் பலர் குடியுரிமைத் தேர்வில் தமிழிலேயே பதில் சொல்லித் தேறியவர்கள். ஆங்கில வாக்குச்சீட்டைப் படிக்க முடியாதவர், தமக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. மகனோ மகளோ தாராளமாகப் போகலாம்.

இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே இத்தகைய செய்தி வெளியிடும்போது எந்த மாநிலத்துக்கு உரியது, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்பதை முதல் வரியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி