கணப்பு இருக்கும் அறைக்கு எந்த அலாரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டேஜ் நடத்துபவர்கள் கணப்புக்கும் விறகு ஸ்டவ்வுக்கும் சீகைக் கட்டை வாங்கி அடுக்கும் நேரம் இது. அலாரம் கேட்டு வருபவர்களில் பலர், "சமையலறையில் கேஸ் அலாரம் இருக்கிறதே, போதாதா?" என்கிறார்கள். போதாது. அது எல்பிஜி கசிவுக்கானது. விறகும் கரியும் எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அது கண்டுபிடிக்காது. புகை அலாரமும் கண்டுபிடிக்காது.

இந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. புகையே வராமல் சிவந்து கிடக்கும் தணலிலிருந்தும் நிறைய வரும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, சூடு வீணாகக் கூடாதென்று புகைபோக்கியின் தகட்டையும் மூடிவிட்டுப் படுப்பதுதான் பெரிய ஆபத்து.

அதனால் கார்பன் மோனாக்சைடு என்றே குறிப்பிட்ட அலாரமாக வாங்குங்கள். பெட்டியில் இஎன் (EN) 50291 என்ற ஐரோப்பியத் தர எண் அல்லது யுஎல் (UL) 2034 என்ற அமெரிக்கத் தர எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடுவதே நல்லது. பேட்டரியைக் கழற்ற முடியாத மாடல் என்றால் விருந்தினர் யாரும் பிடுங்கி வைக்கவும் முடியாது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காகத் தேதி தாண்டியதை மாட்டி வைக்கக் கூடாது.

கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். சுவரில் என்றால் கூரைக்கு 15 செ.மீ. கீழே, கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பைவிட உயரத்தில். படுக்கையறை தனியாக இருந்தால் அங்கே இன்னொன்று, தலையணை உயரத்தில்.

காற்றில் இந்த வாயு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் இஎன் தர அலாரம் 60 முதல் 90 நிமிடத்துக்குள்தான் ஒலிக்கும். 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள். உடனே கத்தவில்லையே என்று பழுதாக நினைக்க வேண்டாம்.

புகை அலாரமும் வேண்டும். ஆனால் ஸ்டவ் கதவைத் திறந்து கட்டை போடும்போதெல்லாம் அது அலறும். அதைப் பக்கத்து நடையில் மாட்டிவிட்டு, ஸ்டவ் அறைக்குள் வெப்ப அலாரம் வையுங்கள்.

அலாரம் அடித்தால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும். தலைவலி, மயக்கம், குமட்டல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். அப்புறம், சட்டியில் கரி மூட்டி மூடிய அறைக்குள் வைப்பதை எந்த அலாரத்தை நம்பியும் செய்யாதீர்கள். அதற்காக அலாரம் கேட்டால் நாங்கள் விற்பதில்லை.

கணப்பும் கட்டிலும் தெரிகிற மாதிரி அறையை போட்டோ எடுத்து வாருங்கள். எங்கே மாட்டலாம் என்று கடையிலேயே குறித்துத் தருகிறோம்.

அன்புடன்,
கடை நிர்வாகம்