அடுக்குச் சீட்டில் லிட்டர் விலையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மளிகைச் செலவைக் குறைப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தள்ளுபடி விலையில் விற்கும் பெரிய கடைகளில் மாதச் சாமான் வாங்கினால் பணம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நானும் பல வருடமாக அப்படித்தான் வாங்குகிறேன். ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய்க்கு ஒரு கிலோ சர்க்கரை. இவற்றை முதலில் வாங்கிவிட்டு, மீதிக்குத்தான் தள்ளுபடிக் கடை. ஆனால் அங்கே எது மலிவு என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. அடுக்கில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில் பாக்கெட் விலை மட்டும்தான் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சூரியகாந்தி எண்ணெய் அடுக்கில் இரண்டு பாக்கெட் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று 139 ரூபாய், இன்னொன்று 158. பார்க்க இரண்டும் ஒரே உயரம். 139 ரூபாய் பாக்கெட்டில் நாலு எடுத்துக் கூடையில் போட்டேன். வீட்டுக்கு வந்து டப்பாவில் ஊற்றும்போதுதான் வழக்கமான கோடு வரை எண்ணெய் ஏறவில்லை என்பதைக் கவனித்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 850 மில்லி. கணக்குப் போட்டால் லிட்டர் 163 ரூபாய் 50 பைசா. 158 ரூபாய் பாக்கெட்தான் முழு லிட்டர். மலிவு என்று நினைத்து லிட்டருக்கு ஐந்தரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

சமையல் எண்ணெய் போன்ற சில பொருள்களை இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு கட்டுப்பாடு இருந்தது. 2022இல் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக, பாக்கெட்டின் அளவைப் பொறுத்து ஒரு கிராம் அல்லது கிலோ, ஒரு மில்லி அல்லது லிட்டர் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் தள்ளுபடிக் கடையில் அது உதவுவதில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. என் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 175 ரூபாய், மில்லி 21 பைசா என்று இருந்தது. நான் கொடுத்ததோ 139. அப்படியென்றால் மில்லிக்கு 16 பைசா சொச்சம். இதை யார் நின்று வகுத்துப் பார்ப்பது? அதுவும் அந்த எழுத்து எறும்பு சைஸில், மடிப்புக்குள் இருக்கிறது.

பெரிய பாக்கெட் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்றும் நம்ப முடியாது. ஷாம்பூவில் பல சமயம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேதான் பாட்டிலைவிட மலிவாக வருகிறது.

மெல்போர்னில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது ஆல்டி கடைக்குப் போவோம். தள்ளுபடி விலைக்கே பேர் போன கடை. அங்கே அடுக்கில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டிலேயே 100 கிராமுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று கடை விற்கும் விலைக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கும். பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009 முதல் அங்கே இது கட்டாயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் தக்காளி கிலோ என்ன, கத்தரிக்காய் கிலோ என்ன என்று தினமும் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். உள்ளே நுழையும்போதே என்ன வாங்கலாம் என்று முடிவு செய்துவிடலாம். பில்லிலிருந்து ஸ்டாக் வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கடைகளுக்குச் சீட்டில் இன்னொரு வரி சேர்ப்பது பெரிய வேலையா?

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. கடை விற்கும் விலைக்குக் கிலோ எவ்வளவு, லிட்டர் எவ்வளவு என்பதை அடுக்குச் சீட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று பெரிய கடைகளிடம் அந்தத் துறை வலியுறுத்த வேண்டும். மத்திய அரசு விதியிலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் சிந்தாமணி, காமதேனு அங்காடிகள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

என் மாமியாருக்கு 78 வயது. சாமான் வாங்க இன்றும் என்னோடு கடைக்கு வருகிறார். செல்போனில் வகுக்கத் தெரியாது. கிலோ விலையைச் சொன்னால் போதும், எதை எடுக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாய்பாபா காலனி, கோவை